குழாயில் வந்த முதல் உலகப் போர்

முத்துச்செல்விக்குப் படிப்பு வராது என்று யாராவது சொன்னால் அது அண்டப்புளுகு. தமிழ் வரும். கணக்கு நன்றாகவே வரும். அறிவியலில் அவள் வரைந்த இதயத்தின் படத்தை டீச்சர் மூன்று வகுப்புக்கும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். வராதது ஒன்றே ஒன்று, சமூக அறிவியல். அதுவும் அடியோடு வராமல் இல்லை. வீட்டில் இருக்கும்போது வந்து உட்கார்ந்திருக்கும். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைக் கண்டதும் எழுந்து போய்விடும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அவள் வாங்கியது முப்பத்தொன்று. பாஸாக முப்பத்தைந்து வேண்டும்.

கருங்காலிப்பட்டிப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி மேலூருக்குத்தான் போக வேண்டும். முத்துச்செல்விக்கு மேலூரில் பயாலஜி குரூப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. அவளுடைய அம்மா தங்கப்பொண்ணு கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பாசானா மேலூரு. பெயிலானா திருப்பூரு. பனியன் கம்பெனியில ஆள் வேணும்னு ஒங்க அத்தை கேட்டுக்கிட்டேதான் இருக்கா. எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

தங்கப்பொண்ணு கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்தவர் வயலில் குனிந்து குனிந்தே இடுப்பு போனவள் அவள். மகள் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். ஆனால் வராத படிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் பஸ்ஸில் அலைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் வந்து நின்றால் என்ன செய்வது என்கிற பயமும் இருந்தது. பயந்தவர்கள் கறாராகத்தான் பேசுவார்கள்.

முத்துச்செல்வி சும்மா இருந்துவிடவில்லை. அவளுடைய அப்பா பேயாண்டி சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் மைக் செட் போடுகிறவன். 'பேயாண்டி ஆடியோஸ்' என்று எழுதிய மினி வேன் ஒன்று, வேனுக்குள் ஆம்ப்ளிபயர், வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் ஒயர், பரண் மேல் குழாய் ஸ்பீக்கர்கள். அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு என்ன யோசனை வரும்? ஒரு பாட்டை நூறு தடவை கேட்டால் மனப்பாடம் ஆகிவிடுகிறதே, பாடம் மட்டும் ஆகாதா என்று தோன்றியது. அப்பா தூக்கிப் போட்ட பழைய போனை எடுத்து, கைடைப் பார்த்துக் கேள்வியையும் பதிலையும் தன் குரலிலேயே வாசித்துப் பதிந்துகொண்டாள். பாத்திரம் தேய்க்கும்போது கேட்டாள், தண்ணீர் எடுக்கப் போகும்போது கேட்டாள், பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு சுற்றுப் பெருத்துக்கூடப் போனாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீக்கடை கருத்தக்கண்ணனின் மகளுக்குக் காதுகுத்து. ஊர்க்காரன் வீட்டு விசேஷம், பேயாண்டி விடுவானா? கோயில் வேப்பமரத்தில் ஒரு குழாய், கண்மாய்க்கரைப் புளியமரத்தில் ஒன்று, பால்வாடி மாடியில் ஒன்று, பஸ் ஸ்டாப்பில் ஒன்று என்று ஊரையே வளைத்துக் கட்டிவிட்டான். கருத்தக்கண்ணன் வீட்டுச் சந்துக்குள் வேன் நுழையாது. அதனால் வேனைத் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, அங்கிருந்து ஒயர் இழுத்திருந்தான். பாட்டு அவனுடைய போனிலிருந்து புளூடூத்தில் ஆம்ப்ளிபயருக்குப் போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் பேயாண்டி கோட்டை விட்டான். பாட்டு நன்றாகத்தானே ஓடுகிறது என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சீரியல் லைட்டைச் சரிபார்க்க விசேஷ வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். போன் தூரமாகப் போனதும் பாட்டு நின்றது. ஆம்ப்ளிபயருக்கு அந்தப் பழைய போனோடும் பல வருஷப் பழக்கம். பக்கத்தில் தெரிந்த போன் ஏதாவது இருக்கிறதா என்று தேடியது. வீட்டுக்குள் முத்துச்செல்வி கையில் இருந்தது.

ஹெட்செட் அன்றைக்குப் பார்த்து அறுந்துபோயிருந்தது. அவள் போனைக் காதோடு வைத்து அழுத்தினாள். சத்தம் வரவில்லை. வால்யூமைக் கூட்டினாள். அப்போதும் வரவில்லை. முழுசாகக் கூட்டினாள்.

வேப்பமரம் பேசியது.

"கேள்வி ஒண்ணு. முதல் உலகப் போருக்கான காரணங்களை விவரி."

தான் ரொம்பப் படித்துவிட்டதால் தலைக்குள் கேட்கிறது என்றுதான் முத்துச்செல்வி முதலில் நினைத்தாள். தலைக்குள் கேட்டால் எதிரொலி எப்படி வரும்? புளியமரம் சொன்னதையே பால்வாடி ஒரு நொடி கழித்துச் சொன்னது. ராணுவக் கூட்டணிகள், காலனிகளுக்கான போட்டி, வெறி பிடித்த தேசியம், பால்கன் சிக்கல் என்று ஒவ்வொன்றாக ஊர் முழுக்க விழுந்தது. அதோடு விட்டதா? பதிகிற நேரத்தில் அம்மா போட்ட சத்தமும் சேர்ந்து வந்தது. "ஏ இவளே, அரிசியக் களஞ்சு வைக்கச் சொன்னேன்ல!" அதற்கு மகள் கத்தியது அதைவிடச் சுத்தமாகக் கேட்டது. அடுத்து வந்ததுதான் அவள் உயிரை எடுத்தது. தனக்குத்தானே ரோஷம் வருவதற்காக அவள் பேசி வைத்திருந்த பேச்சு.

"முத்துச்செல்வி, அரையாண்டுல நீ முப்பத்தொண்ணு. இந்தத் தடவயும் கோட்டை விட்ட, திருப்பூருல ஒக்காந்து பனியனுக்குப் பிசிறு வெட்டணும். வெக்கமா இல்லையாடி ஒனக்கு?"

அவள் பதறி எழுந்தாள். போனை அமுக்கிய அமுக்கலில் அது ஸ்தம்பித்துப் போனது. வாசலுக்கு ஓடி, வேனுக்குள் ஏறி, கையில் அகப்பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கினாள். அதற்குள் ஊருக்கே அவள் மார்க் தெரிந்துவிட்டது. விசேஷ வீட்டில் தாய்மாமன் மடியிலிருந்த குழந்தை அழ மறந்து மேலே பார்த்ததாம், அந்த நேரம் பார்த்து ஆசாரி காதைக் குத்தி முடித்துவிட்டாராம். காரணங்கள் நான்கோடு நின்றுபோனதில் மறு காதுக்குத்தான் கஷ்டமாகிவிட்டது என்று பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பேயாண்டி சிரித்துக்கொண்டே வந்தான். "ஏந்த்தா, கொழாயில இம்புட்டுத் தெளிவா வார்த்தை கேட்டதே இல்லன்னு மேலூருக்காரவுக எல்லாம் சொல்றாக. அடுத்த மாசத்துக்கு ரெண்டு பேரு அட்வான்சு குடுக்க..." மகளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவள் விருந்துக்குப் போகவில்லை. ஆட்டுக்கறி வாசனை தெருவையே தூக்கியது, அதற்கும் அசையவில்லை. அப்படியென்றால் துக்கம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் தெருக்குழாயில் குடத்தை வைத்ததும் சடைச்சி பெரியம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா முத்து, அந்தச் சண்டைக்கு எம்புட்டுக் காரணம்னு சொன்ன?"

"நாலு பெரியம்மா."

"அதுல மூணாவது என்ன?"

முத்துச்செல்வி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ராணுவக் கூட்டணி வந்தது, காலனி வந்தது, அதற்கப்புறம் அம்மா அரிசி களையச் சொன்னதுதான் வந்தது. நூறு தடவைக்கு மேல் கேட்டது. ஊரே கேட்டது. அவளுக்கு மட்டும் வரவில்லை.

"மூணாவது எங்களுக்கும் தெரியாது. ஆனா நீ முழிக்கிறது நல்லாத் தெரியுது," என்றாள் சடைச்சி. குழாயடியே சிரித்தது.

அன்றைக்கு டீக்கடையைத் தாண்டும்போது கருத்தக்கண்ணன் கேட்டான், "தாயி, எம்மக காதுகுத்த உலகப்போராக்கிட்ட. சண்டை எதுக்குன்னாச்சும் சொல்லிட்டுப் போ." மறுநாள் டீக்கடைப் பக்கமே வேண்டாம் என்று கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போனாள். அங்கே நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தேளுக்குத் தப்பிப் பாம்பு வாயில் விழுந்த கதைதான். ஒருத்தி விடாமல் ஆளுக்கொரு கேள்வி. குழாயில் வந்த கேள்வி மட்டும் எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் தங்கப்பொண்ணுவும் மண்வெட்டியோடு இருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மகள் முழித்த முழியைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். ஊர் சிரித்ததைவிட அம்மா குனிந்ததுதான் முத்துச்செல்விக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள். ஒரு வரி ஓடவிட்டு நிறுத்தினாள். அடுத்த வரி என்னவென்று தானே சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. ஓடவிட்டால், "அட, இதுதானே, தெரியுமே" என்றது மனசு. நிறுத்தினால் திரும்பவும் வெறுமை. பல தடவை இப்படிச் செய்து பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் படித்தது போன், அவள் இல்லை. தெரிந்த மாதிரி இருந்ததை நம்பி ஏமாந்திருக்கிறாள். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து முறையை மாற்றினாள். ஒரு பக்கம் வாசிப்பாள், புத்தகத்தை மூடுவாள், சுவரைப் பார்த்துச் சொல்வாள். எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் திறந்து பார்ப்பாள். மறுநாள் அதையே பார்க்காமல் எழுதுவாள். முதல் வாரம் நரகம். பத்து வரி படித்தால் மூன்று வரி தங்கியது. ஆனால் தங்கியது தங்கிவிட்டது. விரட்டினாலும் போகவில்லை.

அடுத்த வாரம் அவளாகவே டீக்கடை வாசலில் போய் நின்றாள். "கேளுங்க மாமா."

கருத்தக்கண்ணனுக்கே தூக்கிவாரிப் போட்டது. டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். நான்கு காரணத்தையும், செர்பிய இளைஞன் ஒருவன் ஆஸ்திரிய இளவரசனைச் சுட்டதில் சண்டை தொடங்கியதையும் மளமளவென்று சொல்லிவிட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். அத்தோடு கிளம்பியிருக்கலாம். கருத்தக்கண்ணன் விடவில்லை.

"அது சரிதான் ஆத்தா. எங்கிட்டோ ஒரு எளவரசனச் சுட்டாக, சரி. சுட்டவன் ஊருக்கும் செத்தவன் ஊருக்கும்தான சண்டை? மத்தவன் எல்லாம் ஏன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாரான்?"

இது கைடில் இல்லை. முத்துச்செல்விக்கு வடக்குத் தெரு ஞாபகம் வந்தது.

"மாமா, போன வருசம் வடக்குத் தெருவுல பத்திரிகை வைக்கலன்னு ஒரு சண்டை வந்துச்சுல்ல? சண்டை ரெண்டு வீட்டுக்குத்தான். ஆனா இவுகளுக்குப் பங்காளி வந்தாக, அவுகளுக்குச் சம்பந்தகாரவுக வந்தாக, அந்தச் சம்பந்தகாரவுகளுக்கு ஆகாதவுக இங்கிட்டு வந்து சேந்துக்கிட்டாக. அதேதான். செர்பியாவுக்கு ரஷ்யா பங்காளி. ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி சம்பந்தகாரரு. ரஷ்யாவுக்கு வேண்டியவுக பிரான்சு."

"இங்கிலாந்துக்காரன்?"

"மொதல்ல ஒதுங்கித்தான் நின்னாக. ஜெர்மனிக்காரவுக பெல்ஜியத்துக்குள்ள பூந்து பிரான்சுக்குப் போனாக. பெல்ஜியத்து மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு இங்கிலாந்து எப்பவோ எழுதிக் குடுத்துருந்துச்சு. அதான் எறங்கிட்டாக."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப வடக்குத் தெரு சண்டையும் பொஸ்தகத்துல வந்துருக்க வேண்டியதுதான்," என்றான் கருத்தக்கண்ணன். முத்துச்செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாடத்தை அதற்கப்புறம் அவள் திறக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஒருவருக்கு விளங்க வைத்தது மறக்காது என்பதை அன்றைக்குக் கண்டுகொண்டாள்.

பிறகு ஊருக்கு அதுவே வேலையாகிப் போனது. போனில் பதிந்திருந்த மற்றக் கேள்விகளையும் அவளே எல்லோருக்கும் சொல்லி வைத்தாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு கேள்வி, ரேஷன் கடை வரிசையில் ஒரு கேள்வி. பதில் சரியா தப்பா என்று அவர்களுக்குத் தெரியாது. தடுமாறினால் மட்டும் உடனே பிடித்துவிடுவார்கள். தடுமாறிய இடத்தை அவள் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகப் பார்த்துவிடுவாள். கண்மாய்க்கரையில் சடைச்சி, "தென்மேற்குப் பருவக்காத்து, தென்மேற்குப் பருவக்காத்துன்னு சொல்றியே, அது ஏன் நம்ம ஊருக்கு மட்டும் ஓரவஞ்சன பண்ணுது?" என்றாள்.

"மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்குதுல்ல பெரியம்மா. மழைய எல்லாம் கேரளாவுலயே கொட்டிட்டு, மலை ஏறி இறங்கி இங்கிட்டு வரும்போது வெறுங்காத்தா வருது."

"பெரிய மக வீட்டுலயே எல்லாத்தையும் குடுத்துட்டு, சின்ன மக வீட்டுக்கு வெறுங்கையோட வார ஆளு," என்று சடைச்சி தீர்ப்புச் சொன்னாள். அவளுக்கு அப்படி ஒரு அப்பா இருந்திருக்கிறார்.

"தங்கப்பொண்ணு, நீயும் ஒண்ணு கேளேன்," என்று யாரோ சொன்னார்கள்.

"எனக்கு என்னத்தத் தெரியும், நான் என்னத்தக் கேக்க?" தங்கப்பொண்ணு மண்ணை அள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். முத்துச்செல்விக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பரீட்சை வந்தது. மேலூரில்தான் சென்டர். சமூக அறிவியல் கடைசி நாள். அவளோடு படிக்கும் பெரியப்பா மகன் முகேஷ் பஸ்ஸில் போகும்போதும் கைடை மூடவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. முத்துச்செல்வி ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு போனாள்.

கேள்வித்தாளைப் பிரித்தாள். கண் நேராகப் போய் விழுந்தது, ஊரில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வியில். இரண்டாம் உலகப் போரின் விளைவுகள். அந்தப் பாடத்தை அவள் போனில் பதிந்திருக்கவே இல்லை, சுவரிடம் சொன்னதோடு சரி. அதனால் ஊருக்கும் தெரியாது. அரையாண்டில் நடந்ததேதான் மறுபடியும் நடக்கப்போகிறது, எல்லாம் எழுந்து போகப்போகிறது என்று நினைத்தாள். கண்ணை மூடினாள். வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்லும்போது சொல்வாளே, அப்படியே உதட்டை அசைக்காமல் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். உலகம் இரண்டு அணியாகப் பிரிந்தது. அணு ஆயுதம். ஐக்கிய நாடுகள். அடிமைப்பட்ட நாடுகளுக்கு விடுதலை. ஒன்று வந்தது, அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. கண்ணைத் திறந்து எழுத ஆரம்பித்தவள், மணி அடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

மே மாதம் ரிசல்ட் வந்த அன்று பேயாண்டியின் போனைச் சுற்றி டீக்கடையே கூடிவிட்டது. மெசேஜைப் படித்தது முகேஷ். மற்றப் பாடங்களை யாரும் காதில் வாங்கவில்லை.

"சோசியல்... எழுவத்தாறு!"

பேயாண்டி மகளைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கருத்தக்கண்ணனைத் தூக்கினான். இறங்கியதும் கருத்தக்கண்ணன் கணக்குப் பேச ஆரம்பித்தான். "உலகப்போரு மார்க்கு பூராம் என்னது. கேட்டவன் நான்."

"மழைக் கேள்வி என்னது. அத எவனும் தொடப்படாது," என்று கண்மாயிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த சடைச்சி கூவினாள். பஸ் ஸ்டாப்பில் கேட்டவர், ரேஷன் கடையில் கேட்டவர் என்று ஆளாளுக்குப் பங்கு கேட்டார்கள். முகேஷ் கூட்டிப் பார்த்துவிட்டு, நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றான். முத்துச்செல்வி சிரித்துக்கொண்டே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றப் பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்கள். தங்கப்பொண்ணு மட்டும் எல்லோருக்கும் பின்னால், மெதுவாக வந்தாள். வெரசாக நடந்தால் கெட்ட சேதியும் வெரசாக வந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது.

"எம்புட்டு?"

"எழுவத்தாறும்மா. எல்லாத்துலயும் பாசு."

தங்கப்பொண்ணு மண் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"நான் ஒரு கேள்வி கேக்கவா?"

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"கேளும்மா."

"மேலூருக்குக் காலையில பஸ்ஸு எத்தன மணிக்கு?"

அத்தனை பேருக்கும் பதில் சொன்ன வாய். பரீட்சைக்கு ஏறி ஏறிப் போன பஸ்; அவளுக்குத் தெரியாத நேரமா? அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாரு, பாரு, முழிக்கிறா!" என்று சடைச்சி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். முத்துச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏழே காலும்மா."

"அப்ப ஆறு மணிக்கே சோறு வடிக்கணும்," என்றாள் தங்கப்பொண்ணு.